மெர்சிக்கு நான் சொன்ன முடிவு

எனக்குப் பத்து வயதாகும்வரை கிறிஸ்தவர்களைப் பற்றித் தெரிந்ததெல்லாம் மாத நாவல்களில் படித்ததுதான். அண்ணனூர் ரயில் நிலையத்துக் கடையில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருப்பார்களே, அந்த நாவல்கள். அத்தை வாங்கி வருவாள். அவள் படித்து முடித்ததும் அட்டைப்படத்தைச் செய்தித்தாளால் மூடிக்கொண்டு நான் படிப்பேன். அந்த நாவல்களில் கிறிஸ்தவப் பெண் என்றால் நர்ஸ். பெயர் ஸ்டெல்லா அல்லது மெர்சி. கதாநாயகனுக்கு ஊசி போட்டுவிட்டுத் திரும்பி நின்று அழுவாள். ஆண் என்றால் பீட்டர். கதாநாயகனின் உயிர் நண்பன், பாதிப் புத்தகம் தாண்டுவதற்குள் அவனுக்காகச் செத்துப்போவான். கெட்டவன் என்றால் ராபர்ட், வெயில் காலத்திலும் கோட்டுப் போட்டிருப்பான். எல்லார் வீட்டிலும் பியானோ இருக்கும், கேக் இருக்கும். வயதான மதர் ஒருவர் வருவார். யார் என்ன கஷ்டத்தைச் சொன்னாலும் "மை சைல்ட்" என்பார், கஷ்டம் தீர்ந்துவிடும்.

ஆகவே எங்கள் தெருக்கோடியில் ஒரு ஜெப வீடு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். மணிக்கூண்டு இல்லை. தகர ஷீட் போட்ட கொட்டகை, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மைக் செட், அவ்வளவுதான். பாஸ்டர் பழைய மொபெட்டில் வந்து இறங்கினார். அவருடைய லுங்கி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. பாஸ்டரம்மா, அதாவது அவருடைய மனைவி, படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உள்ளேயிருந்து கருவாட்டுக் குழம்பு வாசனை வந்தது. இவர்கள் அசல் கிறிஸ்தவர்கள் இல்லை, யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று வீட்டுக்கு வந்து சொன்னேன். "போடி, இவ பெரிய போப்பு" என்றாள் அம்மா.

எங்கள் வீட்டில் அப்போது நாலு பேர். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். அம்மா, நான், அப்புறம் அத்தை. அத்தை அப்பாவின் ஒரே தங்கை. அவளைத் திருநின்றவூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகி மூன்றாம் வருஷம் சித்திரை மாதத்தில் ஒரு துணிப்பையோடு மின்சார ரயிலில் வந்து இறங்கினாள். இடது கையில் மாவுக்கட்டு. பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றாள். அப்பா கட்டைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். மாமா குடிப்பார் என்பது எனக்கே தெரியும். எந்த பாத்ரூம், எப்படி வழுக்கியது என்று யாரும் கேட்கவில்லை.

எனக்கு அது நல்ல காலம். ஒரு கையால் அத்தை எனக்குப் பின்னல் போடுவாள், இன்னொரு கைக்கு நான் என் கையைக் கடன் கொடுப்பேன். பின்னல் கோணலாக வரும். அப்படியே பள்ளிக்கூடம் போவேன்.

ஒருநாள் காலையில் யாரோ எங்கள் கேட்டுக்கு மேலாக ஒரு பத்திரிகையைப் போட்டுவிட்டுப் போனார்கள். பதினாறு பக்கம். முதல் பக்கத்தில் வசனம், அடுத்து ஒரு தேவசெய்தி, சாட்சிகள், கட்டம் போட்ட வேதப் புதிர். கடைசி நாலு பக்கத்தில் 'விடியுமா மெர்சிக்கு?' என்று ஒரு தொடர்கதை. எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஒரு சகோதரி' என்று மட்டும் போட்டிருந்தது. அச்சடித்த எதையும் அத்தை படிக்காமல் விடமாட்டாள், பொட்டலம் கட்டின காகிதத்தைக்கூட நீவிவிட்டுப் படிப்பவள். கேட்டருகிலேயே நின்று படித்து முடித்தாள்.

"அண்ணி, இங்க வந்து பாரேன். இது இன்னா நம்ம கதையாட்டம் கீது" என்று அம்மாவைக் கூப்பிட்டாள்.

கதை இதுதான். மெர்சி தையல் தெரிந்த பெண். புருஷன் குடிகாரன், அடிக்கிறவன். ஒருநாள் அவள் தாங்க முடியாமல் அண்ணன் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். அண்ணன் வீட்டின் பின்கட்டில் முழங்கால் போட்டு அவனுக்காக ஜெபம் பண்ணுகிறாள். வாசலில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். தொடரும்.

அந்தத் 'தொடரும்' அத்தையைப் படுத்தி எடுத்துவிட்டது. பத்திரிகை மாதத்தின் முதல் ஞாயிறு வரும், ஜெப வீட்டில் ஆராதனை முடிந்து வெளியே வருகிறவர்களுக்கு வாசலில் கொடுப்பார்கள். அத்தை விசாரித்துக்கொண்டு போனாள். வெளியே நின்று வாங்க வெட்கமாக இருந்ததால் கடைசி ஜெபத்துக்கு உள்ளே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். இரண்டாவது மாதம் பாட்டுக்கே போய்விட்டாள்.

"இன்னா, அல்லேலூயா ஆயிட்டியா?" என்றார் அப்பா.

"கதைக்குத்தாண்ணே போறேன். சாமிக்குப் போவல."

"ரெண்டும் ஒரே கொட்டாயிலதான கீது? தெருவுல இன்னா பேசறாங்க தெரியுமா? போவக் கூடாதுன்னா போவக் கூடாது."

அதனால் நான் போனேன். பிள்ளைகள் போனால் தெருவில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். மேலும், சிறுவர் வகுப்பு முடிந்ததும் கிரீம் பிஸ்கட் கொடுப்பார்கள். நான் மூன்று பாட்டுகளும் இரண்டு வசனங்களும் மனப்பாடம் செய்தேன், எல்லாம் பிஸ்கட்டுக்காகத்தான். பத்திரிகையை வாங்கிக்கொண்டு வந்தால், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அத்தை சத்தமாகப் படிப்பாள். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பாள். அப்பா பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவார். தூங்குகிறவர் எப்படி, மெர்சி ஜுரத்தில் விழுந்த இடத்தில் "அடச்சே" என்றார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

ஆடி பிறந்து சில நாளில் மாமா வந்தார். கூட அவருடைய அண்ணன். தட்டு நிறைய பழம், பூ. மாமா முகம் மழித்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். குடியை விட்டு நாற்பது நாளாகிவிட்டது என்றார்.

"சத்தியமா மச்சான். இனிமே அந்தப் பக்கமே போவமாட்டேன். அவ இல்லாம ஊடு ஊடாவே இல்ல."

அவருடைய அண்ணன் பெரிய மனுஷர் போலப் பேசினார். "ஆடில வேணாங்க. ஆவணி பொறந்ததும் நல்ல நாள் பாத்து இட்டுக்கினு வந்து உடுங்க."

அப்பா தலையாட்டினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தங்கை மேல் உயிர்தான். ஆனால் நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது என்ற கவலை அவரை ராத்திரி பகலாகத் தின்றுகொண்டிருந்தது. மனுஷன் திருந்திவிட்டேன் என்று வாசலில் வந்து நிற்கும்போது இல்லை என்று சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

கிளம்பும்போது மாமா என்னைக் கூப்பிட்டுப் பையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்து நீட்டினார். அத்தை என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவர் கை மேலே வந்த வேகத்தில் அவள் சட்டென்று பின்னால் நகர்ந்து, முகத்துக்கு முன்னால் முழங்கையைத் தூக்கிக்கொண்டாள். சாக்லேட் கொடுக்க வந்த கைதான் அது. அவளுக்கே வெட்கமாகிவிட்டது, தலைமுடியை ஒதுக்குவது போலச் சமாளித்தாள். பார்த்தது நான் ஒருத்திதான். அந்த சாக்லேட்டை நான் தின்னவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா அத்தையை உட்காரவைத்துக் கேட்டார். "நீயே சொல்லும்மா. நான் உன்ன தள்றேன்னு நெனச்சிக்காத."

அத்தை கொஞ்ச நேரம் தன் மெலிந்துபோன இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டு பிரித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பிறகு சிரித்துக்கொண்டே, "மெர்சி இன்னா பண்றான்னு பாப்போம்ணே. அவ போனா நானும் போறேன்" என்றாள்.

அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. ஏனென்றால் கதை எந்தக் கட்டத்தில் நின்றது என்று அவருக்கும் தெரியும். கடைசியாக வந்த இதழில் மெர்சியின் புருஷன் ஒரு கூட்டத்தில் மனம் திரும்பிவிட்டான். அழுது அழுது ஒரு கடிதம் எழுதியிருந்தான். மெர்சி கடிதத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு பெட்டியோடு பிளாட்பாரத்தில் நின்றாள், தூரத்தில் ரயில் வந்தது, தொடரும். அந்த ரயில் எங்கே போகும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மூன்று மாதமாக அந்தப் பத்திரிகையைத் திட்டிக்கொண்டிருந்த அப்பா, ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டு, "பாப்பா, நாளைக்கு மறக்காம போயி அந்தப் புக்க வாங்கினு வா" என்றார்.

மறுநாள் ஆடி மூன்றாம் ஞாயிறு. எங்கள் தெருவின் ஒரு முனையில் ஜெப வீடு, இன்னொரு முனையில் அம்மன் கோயில். இரண்டு குழாய் ஸ்பீக்கரும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு கத்தும். நடுவில் இருந்த எங்கள் வீட்டில் இரண்டும் சேர்ந்து எதுவுமே புரியாது. அம்மா என் கையில் தூக்கைக் கொடுத்து, "புக்கு வாங்கிட்டு அப்டியே கோயில்ல கூழு ஊத்துவாங்க, வாங்கினு வந்துரு" என்றாள். அத்தை தலைவலி என்று படுத்திருந்தாள்.

பாஸ்டரம்மா வாசலில் பத்திரிகை கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நகை போடமாட்டார், கழுத்தும் காதும் வெறுமையாக இருக்கும், பேச்சு மட்டும் இழுவையாக நன்றாயிருக்கும். என்னைப் பார்த்ததும் ஒரு பிரதியை நீட்டினார். நான் பிடித்துக்கொண்டேன், அவர் விடவில்லை.

"அத்தை வரலியா?"

"தலவலி."

"அப்பா கேட்டாவளா இந்த மாசப் புக்கை?"

ஆமாம் என்றேன். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், பின்னால் நின்றவர்கள் நெருக்கியதும் விட்டுவிட்டார்.

கோயிலில் நீள வரிசை. செங்கல் அடுக்கி மூன்று பெரிய அண்டாக்களில் கூழ் கொதித்தது. வரிசையில் நின்றபடியே கடைசிப் பக்கங்களைப் பிரித்தேன். மெர்சி ரயில் ஏறினாள். புருஷன் ஸ்டேஷனிலேயே எல்லார் முன்னாலும் முழங்கால் போட்டான். சபையார் பாடினார்கள். வீட்டுக்குப் போனார்கள். ஜன்னலைத் திறந்தாள், விடிந்தது. முற்றும்.

நிதானமாக இன்னொரு தடவை படித்தேன், அதேதான். அத்தை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள், அப்பா காத்துக்கொண்டிருக்கிறார். இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஆவணியில் அத்தை திருநின்றவூருக்குப் போய்விடுவாள். அந்த முழங்கை முகத்துக்கு முன்னால் எழுந்தது எனக்கு ஞாபகம் வந்தது. அவள் போகக் கூடாது. இதற்கு மேல் நான் எதையும் யோசிக்கவில்லை. வரிசை நகர்ந்து அண்டா பக்கத்தில் வந்ததும் பத்திரிகையைச் சுருட்டி அடுப்புக்குள் தள்ளிவிட்டேன்.

"ஏய், இன்னாடி அது அடுப்புல?" என்று கேட்டாள் துடுப்பு போட்டுக் கிண்டிக்கொண்டிருந்த அம்மாள்.

"பழைய நோட்டு ஆயா."

"படிக்கிற பொண்ணுதான் நீ" என்று சொல்லி இரண்டு கரண்டி அதிகமாகவே ஊற்றினாள்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் பயம் வந்தது. இயேசு புத்தகத்தை அம்மன் அடுப்பில் போட்டிருக்கிறேன். இந்தக் கேஸை இரண்டு பேரில் யார் எடுப்பார்கள் என்று தெரியவில்லை. இருவரும் சேர்ந்து எடுத்தால் என்னாவது என்று நினைத்தபோது கால் பின்னிக்கொண்டு கூழ் சிந்தியது.

சாப்பாடு முடிந்தது. அப்பா பேப்பரை முகத்தில் போட்டுக்கொள்ளாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "இன்னா, புக்கு எங்க?"

"தீந்துபோச்சு. ஆனா பாஸ்டரம்மா கதைய சொன்னாங்க" என்றேன்.

அத்தை பாயிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். எழுந்து உட்கார்ந்தாள். "சொல்லு பாக்கலாம்" என்றாள்.

நான் சொல்லத் தொடங்கினேன். ஸ்டேஷன் கடையில் தொங்கிய அத்தனை நாவல்களும் எனக்குக் கை கொடுத்தன. மெர்சி பிளாட்பாரத்தில் நிற்கும்போது மயங்கி விழுந்தாள். கண் விழித்தால் ஆஸ்பத்திரி. வெள்ளை உடுப்பில் மதர். "மை சைல்ட், நீ ஏன் போகிறாய்? இங்கே இரு" என்றார் மதர். மெர்சி நர்ஸ் படிப்பு படித்தாள். பெரிய நர்ஸ் ஆனாள். ஒருநாள் லாரியில் அடிபட்டு ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பார்த்தால் புருஷன்!

"அடக் கடவுளே" என்றாள் அம்மா, அரிசியை விட்டுவிட்டு.

"எந்த ஆஸ்பத்திரி?" என்று அத்தை கேட்டாள்.

"பூந்தமல்லில."

"கட்டு போட்டாளா அவனுக்கு?"

"போட்டா. மருந்து, மாத்திரை எல்லாம் குடுத்தா. அவரு அழுதாரு. நான் திருந்திட்டேன், ஊட்டுக்கு வான்னாரு."

"அதுக்கு இவ இன்னா சொன்னா?"

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லா இருங்கன்னு சொன்னா. சொல்லிட்டு அடுத்த பெட்டுக்குப் போய்ட்டா. முற்றும்" என்றேன்.

அத்தை அப்பா பக்கம் திரும்பினாள். "கேட்டியாண்ணே?" என்றாள்.

அப்பாவுக்கு வந்த கோபத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "இது இன்னா மதம்? திருந்தி வந்து கூப்புடறான், அவன உட்டுட்டு அடுத்த பெட்டுக்குப் போய்ட்டாளா? குடும்பத்துல கீற பொம்பளைங்களுக்கு இதான் சொல்லிக் குடுக்கறாங்களா? இப்பவே போயி கேக்கறேன். வாடி நீ, நீதான சாட்சி" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தெரு முழுக்க நான் அழாமல் நடந்ததே பெரிய விஷயம். என் ஆயுசு அன்றோடு முடிந்தது என்று நினைத்தேன்.

பாஸ்டர் சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அப்பாவைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "ஸ்தோத்திரம் பிரதர்! வாங்க வாங்க, கர்த்தர் உங்களைக் கொண்டுவந்துட்டார்" என்று நாற்காலியைத் தேடினார்.

"நான் அதுக்கு வரல சார். மெர்சிய ஏன் நர்ஸ் வேலைக்கு அனுப்புனீங்க?"

பாஸ்டர் திகைத்துப் போனார். "எந்த மெர்சி? நம்ம சபையில மெர்சின்னு யாரும் இல்லையே பிரதர்."

அப்பா கதை முழுவதையும் சொன்னார், லாரி விபத்து உட்பட. பாஸ்டர் அந்தத் தொடர்கதையைப் படித்ததே இல்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. அதற்குள் சத்தம் கேட்டுப் பாஸ்டரம்மா உள்ளேயிருந்து வந்தார். வாசல் பக்கத்து நாற்காலியில், சணல் கயிறு கட்டிய ஒரு கட்டு இருந்தது. மிச்சப் பத்திரிகைகள். அதில் ஒன்றை உருவினால் போதும், என் கதை முடிந்தது.

பாஸ்டரம்மா அப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு போய் அந்த நாற்காலியில், அந்தக் கட்டின் மேலேயே, சேலையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஆமா அண்ணாச்சி. மெர்சி போகல. நர்ஸ் ஆயிட்டா. அப்படித்தான் முடிஞ்சிருக்கு" என்றார்.

"அந்தப் புக்கு ஒண்ணு குடுங்க. நானே பாக்கறேன்."

"எல்லாம் குடுத்து முடிஞ்சிட்டு அண்ணாச்சி. ஒண்ணுகூட மிச்சமில்ல."

பாஸ்டர் நாற்காலியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அவர் மனைவி அவரை ஒரு பார்வை பார்த்ததும் மூடிக்கொண்டார்.

"நீங்களே இப்டி சொன்னா எப்டிம்மா? திருந்தி வந்திருக்கான் அந்தாளு" என்றார் அப்பா. யாரைச் சொல்கிறார் என்று அவருக்கே அந்த நேரத்தில் தெரிந்திருக்காது.

"திருந்துறவன் திருந்தட்டும் அண்ணாச்சி. அதுக்கு மெர்சி அங்க போய் இருக்கணும்னு இல்லையே."

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு விடுவிடுவென்று நடந்தார். நான் பின்னால் ஓடப் பார்த்தேன். பாஸ்டரம்மா எழுந்து வந்து கேட்டருகில் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். திட்டப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"மெர்சி அங்க எங்க தங்கியிருக்கா?" என்று கேட்டார்.

"ஆஸ்பத்திரி ஹாஸ்டல்ல."

"சாப்பாடெல்லாம் ஒழுங்கா குடுக்காவளா?"

"மூணு வேளையும் குடுக்கறாங்க. ஞாயித்துக்கெழமன்னா கறி."

"யாராவது பாத்துக்கிடுதாவளா அவள?"

"மதர் கீறாங்க. ரொம்ப நல்லவங்க."

அவர் தலையை ஆட்டினார். என் கன்னத்தைத் தடவிவிட்டு உள்ளே போனார். இந்த அம்மாள் தன் பத்திரிகையைத் தானே படிக்கவில்லை, அதனால்தான் நான் சொன்னதையெல்லாம் நம்பிவிட்டார் என்று நான் முடிவு செய்தேன். பெரியவர்களை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா என்று எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

ஆவணி பிறந்தது. திருநின்றவூரிலிருந்து ஆள் வந்தபோது அப்பா "பாக்கலாம்" என்றார். அந்தப் 'பாக்கலாம்' இன்றுவரை நீண்டுவிட்டது. மாமா இன்னும் இரண்டு தடவை வந்தார். இரண்டாவது தடவை வாசலில் நிற்க முடியாமல் விழுந்தார், நாற்பது நாள் கணக்கெல்லாம் போய்விட்டிருந்தது. அப்புறம் வரவில்லை. அத்தை பூந்தமல்லியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் முதலில் ஆயாவாகச் சேர்ந்து, பிறகு வேலை கற்றுக்கொண்டு நர்ஸுக்கு உதவியாளரானாள். அங்கே மதர் யாரும் இல்லை, பினாயில் வாசனைதான் என்றாள்.

அப்பா விஷயம்தான் வேடிக்கை. தொடக்கத்தில் டீக்கடையில் உட்கார்ந்து, "அவங்க கதையப் படிச்சா பொம்பளைங்க ஊடு தங்கமாட்டாங்க" என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை நிமிர்ந்து நடப்பதைப் பார்க்கப் பார்க்க அதே வாக்கியம் வேறு மாதிரி வந்தது. "அவங்க மதத்துல பொம்பளைங்கள கட்டிப் போடமாட்டாங்கப்பா. தைரியம் குடுப்பாங்க." பக்கத்து வீட்டுப் பெண் கண் வீங்கித் தாய்வீட்டுக்கு வந்தபோது, அவளை ஜெப வீட்டுக்கு அனுப்பிப் புத்தகம் வாங்கிப் படிக்கச் சொன்னது அப்பாதான், நெற்றியில் பட்டை போட்டுக்கொண்டு. அப்படி எங்கள் தெருவிலிருந்து மூன்று பெண்கள் போனார்கள். ஒருத்தி ஞானஸ்நானமே எடுத்துக்கொண்டாள், அவள் மகன் இப்போது அங்கே கீபோர்டு வாசிக்கிறான். எல்லாம் அச்சில் வராத ஒரு கதையால். கூழ் வாங்கி வந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கட்டிய பொய்யை வைத்து எங்கள் தெரு ஒரு மதத்தை எடைபோட்டது. எனக்கு உள்ளூரக் குறுகுறுத்துக்கொண்டேதான் இருந்தது. பாஸ்டர் குடும்பம் நாலைந்து வருஷத்தில் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனபோது, அப்பாடா என்றிருந்தது.

போன மாதம் அத்தைக்கு ஆஸ்பத்திரியில் கடைசி நாள். சால்வை, சுவர்க்கடிகாரம், ஒரு கேக்கு. நான் போய் அழைத்து வந்தேன். ஆவடி போகிற ஷேர் ஆட்டோவில் பின்சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கேக்குப் பெட்டி அத்தை மடியில். இத்தனை வருஷம் சொல்லாததை அன்று சொல்லிவிட்டேன். அத்தை, அந்த மெர்சி கதை நானா கட்டினது. புத்தகத்துல அவ திரும்பிப் போயிட்டா. நான் அதைக் கூழ் அடுப்புல போட்டுட்டேன்.

"தெரியும்டி" என்றாள் அத்தை.

நான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன்.

"மொத நாளு சனிக்கெழம தண்ணி லாரி வந்திச்சில்ல, அப்பவே பாஸ்டரம்மா எனக்கு ஒரு புக்கு குடுத்துட்டாங்க. கொடத்த வெச்சிக்கினு வரிசையிலயே படிச்சேன்."

"அப்புறம் ஏன் என்னை அவ்ளோ கேள்வி கேட்ட?"

"நீ எதுவரைக்கும் போறேன்னு பாத்தேன். நான் போவமாட்டேன்னா உங்கப்பா கேக்கமாட்டாரு. புக்குல வந்திச்சின்னா கேப்பாரு. ஆனா நானே வாயக் குடுத்துட்டனே, அவ போனா நானும் போறேன்னு. நீ மட்டும் அன்னிக்கு அந்தப் புக்க கொண்டாந்து குடுத்திருந்தியானா, போயிருப்பேனோ இன்னாவோ." கேக்குப் பெட்டியின் நாடாவை இழுத்துச் சரிசெய்தாள். "போயிருப்பேன்டி."

ஆட்டோவில் யாரோ இறங்கினார்கள், யாரோ ஏறினார்கள். அத்தை என் பக்கம் ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அந்தக் கதைய எழுதினதே அவங்கதான். பாஸ்டரம்மாதான். ஊட்டுக்காரருக்கே தெரியாது. மெர்சின்றது அவங்க அக்கா. இதே மாதிரி அண்ணன் ஊட்டுக்கு வந்திருந்திச்சாம். அவன் வந்து அழுதானாம். எல்லாரும் ஜெபம் பண்ணி அனுப்பி வெச்சாங்களாம். எட்டே மாசம்தான். அடக்கத்துக்குத்தான் இவங்க போனாங்களாம். 'கதையிலயாவது நல்லாருக்கட்டும்னு அப்படி முடிச்சேன். நீ அத நம்பிப் போயிராத தாயி'ன்னு சொன்னாங்க. கொடத்துல தண்ணி ரொம்பி வழியிது, அவங்க பாட்டுக்கு அழுதுக்கினு நிக்கறாங்க."

அந்தக் கேட்டும், என் தோளைப் பிடித்திருந்த கையும், நான் கண்ணை மூடிக்கொண்டு திட்டுக்குக் காத்திருந்ததும் ஞாபகம் வந்தது. எங்கே தங்கியிருக்கிறாள், சாப்பாடு கொடுக்கிறார்களா, யாராவது பார்த்துக்கொள்கிறார்களா என்று அவர் கேட்டதை, என் பொய்யை நம்பிவிட்டுக் கேட்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். நல்லவேளை, ஞாயிற்றுக்கிழமை கறி போடுவார்கள் என்று சொன்னேன்.